பூகோளம் பட்டப் படிப்பான வரலாறு

நம் குடியிருப்பில் ஒரு மாணவனோ மாணவியோ கல்லூரியில் புவியியல் பயிலப் போவதாகச் சொன்னால், பெரியவர்களின் முகத்தில் சிறிது ஐயம் படர்வதைக் காணலாம். மலை, ஆறு, தலைநகரம் ஆகியவற்றின் பெயர்களை மனப்பாடம் செய்ய மூன்று ஆண்டுகள் வேண்டுமா என்பது அவர்தம் கேள்வி. இது நம்மவர்க்கு மட்டும் உரிய கேள்வியன்று. ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகமும் ஒரு காலத்தில் இவ்வாறே தயங்கிற்று. அத்தயக்கம் நீங்க நாற்பத்து மூன்று ஆண்டுகள் சென்றன.

கடல் கடந்து பெருநாடு ஆண்ட பிரிட்டன், தன் பல்கலைக்கழகங்களில் நிலத்தைப் பற்றிக் கற்பிக்கத் தவறியிருந்தது வியப்பே. செர்மனியிலோ கார்ல் ரிட்டர் 1820 முதலே பெர்லினில் புவியியல் பேராசிரியராக விளங்கினார். இலண்டனிலிருந்த இராயல் புவியியற் கழகம் கெல்ட்டி என்பாரை அனுப்பி ஐரோப்பியக் கல்விநிலையை ஆராயச் செய்தது. பிரிட்டன் எத்துணைப் பின்தங்கியிருந்தது என்பது அவர் அறிக்கையால் வெளிப்பட்டது.

1887 சனவரி 31 அன்று, ஹால்ஃபோர்டு மக்கிண்டர் என்னும் இருபத்தைந்து வயது இளைஞர் அக்கழகத்தின் முன் உரையாற்றினார். கேட்டவருள் பலர் கடலோடிகளும் நாடு கண்டவர்களும் ஆவர். முன்வரிசையில் இருந்த கடற்படைத் தலைவர் ஒருவர், இளைஞரின் துணிச்சலைக் கண்டு உரை முடியும்வரை முணுமுணுத்துக்கொண்டே இருந்தாராம்! எனினும் அவ்வாண்டிலேயே மக்கிண்டர் ஆக்ஸ்போர்டில் புவியியல் விரிவுரையாளரானார். ஆண்டுச் சம்பளம் 300 பவுன்; அதிற் பாதியைக் கழகமே தந்தது.

முதல் விரிவுரைக்கு வந்தவர் மூவர். ஒருவர் கல்லூரி ஆசிரியர். சுவிட்சர்லாந்து பற்றிய பயணக் கையேட்டைப் படித்துவிட்டமையால் அந்நாட்டைத் தாம் முன்பே அறிந்துள்ளதாகச் சொன்னவர். மற்ற இருவரும் பின்னல் வேலையோடு வந்த பெண்மணிகள். இச்செய்தியைப் பிற்காலத்தில் மக்கிண்டரே நகைச்சுவையோடு நினைவுகூர்ந்தார்.

வரலாற்றாசிரியர் புவியியலைத் தம் துறைக்கு ஒரு துணையாக மட்டும் எண்ணினர். நிலவியலாரோ, பாறையின் உண்மை தம்மிடம் இருக்க இவர்க்கு என்ன வேலை என்றனர். நிலத்துக்கும் மக்கள் வாழ்வுக்கும் உள்ள தொடர்பே தம் நூலின் பொருள் என்பது மக்கிண்டரின் விடை. நாம் வாழும் தில்லியையே எடுத்துக்கொள்வோம். ஆரவல்லித் தொடரின் வடகோடிக்கும் யமுனைக்கும் இடைப்பட்ட இந்நிலத்தில் அரசுக்குப் பின் அரசாக ஏன் தலைநகர் அமைத்தது? பாறையை மட்டும் கற்றவரோ மன்னர் வரிசையை மட்டும் கற்றவரோ இதற்கு முழு விடை கூற இயலாது.

1899-இல் ஆக்ஸ்போர்டில் புவியியற் பள்ளி தொடங்கிற்று. அவ்வாண்டு செப்டம்பரில் மக்கிண்டர் ஆப்பிரிக்காவின் கென்யா மலை உச்சியை முதன்முதலாக எட்டினார். நாடு காணப் புறப்படாதவனைப் புவியியலாளன் என்று எவரும் ஏற்கமாட்டார் என்பதை அவர் நன்கு உணர்ந்திருந்தார் போலும். ஆயினும் புதிய பள்ளி அளித்தது பட்டயமே, பட்டமன்று.

அப்பள்ளியை வளர்த்தவர் யார்? புகழ் மக்கிண்டருக்குச் சென்றது. ஆனால் என் கருத்தில் பெரும்பங்கு ஹெர்பர்ட்சனுக்கும், ஊர்ப்பள்ளிகளிலிருந்து வந்த ஆசிரியர்க்கும் உரியது. 1902 முதல் கோடை விடுமுறையில் ஆசிரியர்க்கென வகுப்புகள் நடந்தன. பெண்களும் ஆர்வத்தோடு பயின்றனர். அவர்களுக்கு ஆக்ஸ்போர்டு எத்துறையிலும் பட்டம் அளிக்கத் தொடங்கியது 1920-இல்தான். கற்பிக்க வேண்டிய கட்டாயமுடையோரே இக்கல்வியின் அருமையை முதலில் அறிந்தனர்.

பட்டம் வழங்குவதில் பிறர் முந்திக்கொண்டனர். லிவர்ப்பூல் 1917-இல் சிறப்புப் பட்டத்தை ஏற்படுத்தியது. கேம்பிரிட்ஜ் 1919-இல் பின்தொடர்ந்தது. ஆக்ஸ்போர்டு இசைந்தது 1930-இல். 1932-இல் அங்கு முதற் பேராசிரியராக அமர்ந்தவர் கென்னத் மேசன். இவர் இந்திய நில அளவைத் துறையில் பணியாற்றிக் காரகோரம் மலைகளை அளந்தவர். அத்துறையின் மாபெரும் முக்கோண அளவைக்கு அடிகோடு 1802-இல் லாம்டனால் சென்னைப் பரங்கிமலையருகே அளக்கப்பட்டது என்பதை இங்கு நினைத்தல் தகும்.

நம் நாட்டிலும் கதை பெரிதும் அவ்வாறே நடந்தது. அலிகரில் 1924-இல் புவியியல் துறை தோன்றிற்று. சென்னையில் 1926-இல் என். சுப்பிரமணியம் முதலிய ஆசிரியர்கள் சென்னைப் புவியியற் சங்கத்தை நிறுவினர். அதன் இதழ், பெயர் மாறி, இன்றும் வெளிவருகிறது. கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் 1941-இல் முதுகலைத் துறை எஸ். பி. சட்டர்ஜியின் தலைமையில் அமைந்தது. 1956-இல் தேசிய நிலப்பட நிறுவனம் அவர் பொறுப்பில் உருவாயிற்று. 1968-இல் உலகப் புவியியலாளர் பேரவை நம் தில்லியில் கூடியபோது, பன்னாட்டுப் புவியியல் ஒன்றியத்தின் தலைவராக இருந்தவரும் அவரே.

அச்சட்டர்ஜி 1936-இல் பாரிசில் வெளியிட்ட ஆய்வேடு காரோ, காசி, சயந்தியா மலைகளைப் பற்றியது. முகில்கள் உறையும் அம்மேட்டு நிலத்துக்கு அவர் தாமே ஒரு பெயர் இட்டிருந்தார். 1972 சனவரியில் அங்கு முழு மாநிலம் பிறந்தபோது, அந்த 'மேகாலயா' என்னும் பெயரையே அது தாங்கியது. இன்று பள்ளிப் பிள்ளைகள் மனப்பாடம் செய்யும் மாநிலங்களின் வரிசையில் அதுவும் ஒன்று.