மாந்தையின் இரும்புத் தொழில்
மாந்தை இலங்கையின் வடமேற்குக் கரையில், மன்னார்த் தீவுக்கு எதிரே பெருநிலப் பக்கம் அமைந்த பழந்துறைமுகம். தேவாரம் பாடிய சம்பந்தரும் சுந்தரரும் மாதோட்டம் என்றும், பாலி நூல்கள் மகாதித்த என்றும் குறிப்பது இதையே. இன்று எஞ்சியிருப்பது குதிரை லாட வடிவான மண்மேடும் இரட்டை அகழியும். மேட்டின்மேல் திருக்கேதீச்சரம் கோயில் நிற்கிறது.

சுண்ணாம்புக் கல்லும் மணலுமான இக்கரை இரும்புத்தாது விளையும் நிலமன்று. ஆயினும் அகழ்வுகளில் இரும்புக் கிட்டம் கிடைத்திருக்கிறது. இரும்பு உள்நாட்டிலிருந்து வந்திருக்க வேண்டும். மாந்தைக்குத் தெற்கே கடல் சேரும் அருவி ஆறு அநுராதபுரத்தைத் தொட்டு வருவது; அங்கே இரும்பின் பயன்பாடு கி.மு. 900 அளவிலேயே தொடங்கிவிட்டது. 

உலையில் திரண்ட இரும்புப் பாளம் உடனே பயன்படாது. கொல்லன் அதைத் துருத்தி ஊதிக் காய்ச்சி, திரும்பத் திரும்ப அடித்தால்தான் உள்ளே சிக்கிய கசடு பிதுங்கி வெளியேறும். கொல்லுலையின் அடியில் வழிந்து உறைந்த கிட்டம், அடிப்புறம் கிண்ணம்போல் குவிந்திருக்கும். தாதை உருக்கிய இடமா, இரும்பை அடித்த இடமா என்று ஆய்வாளர் பிரித்தறிவது பெரும்பாலும் இத்தகைய தடயங்களைக் கொண்டே. துறைமுகத்தில் கொல்லனுக்கு வேலை குறைந்திராது. கயிற்றால் தைத்த மரக்கலங்களுக்கு ஆணி அதிகம் வேண்டாம்; ஆனால் உளியும் வாய்ச்சியும் இல்லாவிட்டால் ஓடாவி கைகட்டி நிற்க வேண்டியதுதான்.

இலங்கை எஃகின் பெயர் கடல் கடந்தும் பரவியிருந்தது. 9ஆம் நூற்றாண்டில் வாள்களைப் பற்றி எழுதிய அரபு அறிஞர் அல் கிந்தி சரந்தீப் (இலங்கை) வாள்களையும் குறிப்பிடுகிறார். மலைநாட்டின் தென்சரிவிலுள்ள சமனலவெவவில் பருவக்காற்றின் வேகத்தாலேயே எரிந்த உலைகளைத் தொல்லியலாளர் கில் ஜூலெஃப் கண்டறிந்தார். அவை 7 முதல் 11ஆம் நூற்றாண்டு வரையானவை. இலங்கையின் தலைமைத் துறைமுகமாக மாந்தை விளங்கியதும் அக்காலமே.

காந்தக் கோட்டை கட்டி, பகைவரின் ஆயுதங்களை அதன் சுவரே இழுத்துக்கொள்ளும்படி செய்த கம்மாளரின் கதையை இலங்கை மரபு மாந்தையோடு சேர்த்துச் சொல்கிறது. தமிழகக் கம்மாளரிடையே வழங்கிய வடிவத்தில் ஊர் மாந்தாபுரி. அதை எட்கர் தர்ஸ்டன் 1909இல் பதிவு செய்தார். வரலாறாகக் கொள்ள முடியாவிட்டாலும், இரும்பை அறிந்தவர்கள் கட்டிய கதை.

சோழர் காலத்தில் இவ்வூர் இராசராசபுரம் எனப்பட்டது; சோழநாட்டுத் தாழி குமரன் இங்கே இராசராசேச்சரம் என்னும் சிவன் கோயிலை எடுப்பித்தான். 11ஆம் நூற்றாண்டுக்குப் பின் துறை தேய்ந்தது. 1980இல் தொல்லியலாளர் ஜோன் கார்ஸ்வெல் தொடங்கிய பெரும் அகழ்வு 1984இல் போரால் நின்றது. அதன் அறிக்கை 2013இல்தான் வெளிவந்தது. இடையே 2009–10இல் மீண்டும் சிறு அகழ்வு நடந்தது.