வீட்டு உடற்பயிற்சி இயந்திரம்

வலிமைப் பயிற்சிக்கான பல அமைப்புகளை ஒரே சட்டகத்தில் கொண்ட கருவி வீட்டு உடற்பயிற்சி இயந்திரம். கடைகளில் ஹோம் ஜிம், மல்டி ஜிம் என்ற பெயர்களில் விற்கிறது. நெஞ்சுக்கு பிரஸ், முதுகுக்கு புல்டவுன், தொடைக்கு லெக் எக்ஸ்டென்ஷன் எல்லாம் ஒன்றிலேயே உண்டு என்பார் விற்பவர். வாங்குபவர் முதலில் கேட்க வேண்டியது வேறு: தசை எதை எதிர்த்து வேலை செய்யப்போகிறது? இரும்பின் எடையையா, வளையும் தண்டையா, மோட்டாரையா? விலையும் வாரண்டியும் அதற்குப் பிறகுதான்.

இரும்புத் தகடுகளை அடுக்கி, வேண்டிய இடத்தில் ஒரு பின்னைச் செருகும் வகை மிகப் பழகியது. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவைச் சேர்ந்த ஹெரால்ட் ஜின்கின் 1957ல் உருவாக்கிய யுனிவர்சல் இயந்திரம் இந்த வகையைப் பரவலாக்கியது. இழுக்கத் தொடங்கும் இடத்திலும் முடிக்கும் இடத்திலும் சுமை ஏறக்குறைய ஒன்றே. ஆனால் தகட்டில் எழுதியிருக்கும் எண்ணை அப்படியே நம்பக் கூடாது. கேபிள் கூடுதலாக ஒரு நகரும் கப்பியைச் சுற்றி வந்தால் கைக்கு வரும் சுமை பாதியாகிவிடும். 90 கிலோ அடுக்கு 45 கிலோவாகத்தான் தெரியும். கைப்பிடியை ஒரு மீட்டர் இழுத்துப் பார்த்தால் போதும். தகடுகள் அரை மீட்டர்தான் உயர்கின்றன என்றால் பாதிச் சுமைதான் கையில் இருக்கிறது.

ஆர்தர் ஜோன்ஸ் 1970ல் விற்கத் தொடங்கிய நாட்டிலஸ் கருவிகளில் வட்டக் கப்பிக்குப் பதில் சங்கு வடிவச் சக்கரம் இருந்தது. மூட்டு எந்தக் கோணத்தில் வலுவாக இருக்கிறதோ அங்கே சுமை கூடும், வலுக் குறைந்த இடத்தில் சுமையும் குறையும்.

தண்டு வகைக்குப் பெயர்போனது போஃப்ளெக்ஸ். டெஸமா ஷிஃபெராவ் 1980களில் வடிவமைத்த இதில் தண்டு வளைய வளையத்தான் எதிர்ப்பு ஏறும். பெஞ்ச் பிரஸில் கைப்பிடி நெஞ்சருகே இருக்கும்போது லேசாக இருக்கும், கை நீளும்போது கனக்கும். மூட்டு வலி உள்ளவர்களுக்கும் புதியவர்களுக்கும் இது இதம். ஆண்டுக்கணக்கில் வலிமை கூட்ட நினைப்பவருக்குப் போதாது.

எதிர்ப்பின் தன்மை எவ்வளவு முக்கியம் என்பதற்கு விண்வெளி நிலையம் நல்ல சான்று. அங்கே இரும்புக்கு எடை கிடையாது என்பதால் 2000ல் மீள்பொருள் வட்டுகளால் இயங்கும் கருவியொன்றை அனுப்பினார்கள். அதிகபட்சம் சுமார் 136 கிலோ. (இதே வட்டுத் தொழில்நுட்பம்தான் பின்னர் போஃப்ளெக்ஸ் ரெவல்யூஷனில் வந்தது.) அதில் பயிற்சி செய்தும் வீரர்களின் எலும்பு தேய்ந்துகொண்டே போனது. 2008ல் வெற்றிட உருளைகள் கொண்ட, 272 கிலோ வரை தரும் கருவி போய்ச் சேர்ந்தது. அதில் பயிற்சி செய்து, போதிய உணவும் வைட்டமின் டியும் எடுத்துக்கொண்டவர்களின் எலும்பு அடர்த்தி பெரும்பாலும் காக்கப்பட்டதாக 2012ல் வெளியான ஆய்வு காட்டியது.

சாய்பலகையில் சொந்த உடல் எடையையே இழுக்கும் டோட்டல் ஜிம், சுவரில் பொருத்தும் மோட்டார் கருவியான டோனல் ஆகியவையும் உண்டு. 2018ல் வந்த டோனல் அதிகபட்சம் 200 பவுண்டு தந்தது. மின்சாரமும் வலுவான சுவரும் இல்லாமல் நடக்காது.

எந்த வகையானாலும் சுமையைச் சிறிய படிகளாக ஏற்ற முடிய வேண்டும். 10 கிலோ தகடுகள் தோள் பயிற்சிக்குப் பெரிய தாவல். 5 கிலோ தகடுகளோ கூடுதல் சிறு எடைகளோ இருந்தால் நல்லது. இடம் இருக்கிறது, முறையாகச் சொல்லித்தரவும் ஆள் இருக்கிறார் என்றால், அதே பணத்துக்கு ஒரு ரேக்கும் பார்பெல்லும் கூடுதல் பலன் தரும். தனியாகப் பயிற்சி செய்பவருக்கு இயந்திரம் பாதுகாப்பானது.

பல மாதிரிகள் ஏழடி உயரம் இருக்கும். மின்விசிறிக்கு நேர் கீழே நிறுத்தக் கூடாது. குழந்தைகள் உள்ள வீட்டில் தகட்டு அடுக்குக்கு மூடி கட்டாயம், விரல் நசுங்கும். பழைய கருவி வாங்குபவர்கள் கேபிளின் பிளாஸ்டிக் உறையைக் கப்பி நெடுகத் தடவிப் பார்க்க வேண்டும். வெடிப்போ துருத்தும் கம்பி இழையோ தட்டுப்பட்டால் கேபிளை மாற்றாமல் தொடக் கூடாது. மாதிரி எண்ணையும் சரிபார்க்க வேண்டும்: பெஞ்ச் இருக்கை சரிந்ததால் 2004ல் சில போஃப்ளெக்ஸ் மாதிரிகளும், தகடு கழன்று விழுந்ததால் 2025ல் சுமார் 38 லட்சம் போஃப்ளெக்ஸ் டம்பெல்களும் அமெரிக்காவில் திரும்பப் பெறப்பட்டன.