விற்கப்படாத குடும்பங்கள்

ஹாரியட் பீச்சர் ஸ்டோ 1852இல் நூலாக வெளியிட்ட ‘டாம் மாமாவின் குடிசை’ நாவலில், நிறவெறி தாயையும் மகளையும் ஏலத்தில் பிரிப்பது கண்டு நாம் கலங்குகிறோம். நம் நாட்டில் அடிமை முறைக்கிருந்த சட்ட ஆதரவு 1843இல் நீங்கிற்று. ஆயினும், தேவகோட்டையை உள்ளடக்கிய அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில், ஆதிதிராவிடர்மீது 1930 டிசம்பரில் எட்டுத் தடைகளும், 1931 ஜூனில் பதினொரு தடைகளும் விதிக்கப்பட்டதை ஹட்டன் பதிவு செய்துள்ளார். பெண்கள் மேலாடை அணியலாகாது; பிள்ளைகள் எழுத்தறியலாகாது, மிராசுதாரரின் மாடுகளையே மேய்க்கவேண்டும்; பெற்றோர் பண்ணையில் அடிமைகளாய் உழைக்கவேண்டும் என்பன அவற்றுட் சில.

இங்கே ஏலமில்லை. குடும்பத்தை ஒரே கூரையின்கீழ் வாழவிட்டே, தந்தையின் அடிமைத்தனத்தை மகனுக்குப் பிதிரார்ஜிதமாக்க முயன்றனர். தாயின் கண்ணெதிரே பிள்ளையின் கல்வியைப் பறிப்பதும் குடும்பத் துயரமன்றோ? அமெரிக்கக் கதைக்குக் கண்ணீர் சிந்தும் நாம், இவ்வரலாற்றையும் நம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கக் கடமைப்பட்டுள்ளோம்.