பெங்களூருக் கால்பந்தில் பயிற்சியாளர் வேலை

தொம்மலூரைச் சுற்றியுள்ள கிழக்குப் பெங்களூரில் கால்பந்துப் பயிற்சியாளர் என்பது நெடுங்காலம் தனி உத்தியோகமாக இருந்ததில்லை. மேற்கே உல்சூர், ஆஸ்டின் டவுன் குடியிருப்புகளில் ஆட்டக்காரர்கள் உருவானார்கள். கிழக்கே பழைய விமான நிலையச் சாலையில் எச்.ஏ.எல்., பழைய மதராஸ் சாலையில் ஐ.டி.ஐ. என்று பொதுத்துறை ஆலைகள் அவர்களுக்குச் சம்பளம் கொடுத்தன. பயிற்சியாளரும் அதே சம்பளப் பட்டியலில் இருந்தவர்தான். தோற்றால் திட்டு விழும், வேலை போகாது.

கண்டோன்மென்ட் ராணுவ அணிகளின் ஆட்டத்தைப் பார்த்து வளர்ந்த ஊர் இது. பட்டாளத்தையும் ஆலைகளையும் நம்பிக் குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் தெருக்களில் கால்பந்து வேரூன்றியது. உல்சூர் கௌதமபுரத்தில் இன்றும் பீலேவுக்குச் சிலை நிற்கிறது. பெங்களூர் முஸ்லிம்ஸ் அணி 1937, 1938 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் ரோவர்ஸ் கோப்பையை வென்றது. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்ஸிடம் இந்தியா 1-2 எனத் தோற்ற ஆட்டத்தில் இந்தியாவின் ஒரே கோலை அடித்த சாரங்கபாணி ராமன் இந்த ஊர்க்காரர். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் இருந்த அருமைநாயகமும் அப்படியே. மைசூர் (இன்றைய கர்நாடக) மாநில அணி 1946, 1952, 1967, 1968 ஆகிய ஆண்டுகளில் சந்தோஷ் கோப்பையைக் கைப்பற்றியது. இந்தத் தலைமுறைகளைப் பழக்கிய பலரின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. ஓய்வுபெற்ற ஆட்டக்காரர் சாயங்காலம் மைதானத்துக்கு வந்து பையன்களை ஓடவிடுவார். அதற்கு ஒப்பந்தம் என்று எதுவும் கிடையாது.

1940-இல் எச்.ஏ.எல்., 1948-இல் ஐ.டி.ஐ. தொடங்கியபின் இந்த ஏற்பாடு நிறுவன வடிவம் பெற்றது. விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்குச் சேர்ந்தவர் பல ஆண்டுகள் ஆலை அணிக்கு ஆடுவார். கால் தளர்ந்ததும் அணியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அவருக்கு வரும். தேர்வுக் குழு, நேர்காணல் எல்லாம் பெயருக்குத்தான். அடுத்து யார் என்பது முன்பே தெரிந்திருக்கும். 1961-இல் பாட்டியாலாவில் தேசிய விளையாட்டுக் கழகம் (என்.ஐ.எஸ்.) தொடங்கியபின் அங்கே பட்டயம் பெற்றவர்களுக்கு மதிப்பு கூடியது. ஆனாலும் ‘என்.ஐ.எஸ். கோச்’ என்ற அடைமொழி பதவி உயர்வுக்குப் பயன்பட்ட அளவுக்கு ஆளை மாற்றப் பயன்படவில்லை.

இதில் நன்மையும் இருந்தது. மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் உறுதியாக இருந்ததால் பயிற்சியாளர் பத்தாண்டு நோக்கில் ஒரு பையனை வளர்க்க முடிந்தது. தீமையும் அங்கேதான்: அணி தேங்கினாலும் கேட்பாரில்லை. இந்த முறையின் கடைசிப் பெரிய முகம் எச்.ஏ.எல். அணியின் பயிற்சியாளர் ஆர். தியாகராஜன். வெளிநாட்டு வீரர்களுக்குப் பணம் கொட்டிய கோவா, கொல்கத்தா கிளப்புகளுக்கு நடுவே, பெரும்பாலும் உள்ளூர்ப் பையன்களை வைத்துக்கொண்டு 2010-11, 2011-12 பருவங்களில் தேசிய லீக்கான ஐ-லீக்கில் ஆடியது அந்த அணி. இரண்டாம் பருவத்தில் கடைசி இடம் பெற்றுக் கீழிறங்கியது. அணியின் தரத்தைவிட வசதிக் குறைவுதான் அதற்கு முதற்காரணம் என்று சொன்னால் பெரிய பிழை இருக்காது.

அடுத்த ஆண்டே ஊரின் கால்பந்து வேறு கைக்கு மாறியது. 2013 ஜூலையில் ஜே.எஸ்.டபிள்யூ. குழுமம் பெங்களூரு எஃப்.சி.யைத் தொடங்கியது. முதல் பயிற்சியாளராக வந்த ஆஷ்லி வெஸ்ட்வுட் மான்செஸ்டர் யுனைடெட் இளையோர் அணியில் வளர்ந்தவர். பிளாக்பர்ன் ரோவர்ஸில் துணைப் பயிற்சியாளராக இருந்தவர். அசோக் நகர் கால்பந்து மைதானத்தைச் சொந்த மைதானமாகக் கொண்டு, அதுவரை இல்லாதிருந்த ஒரு கிளப் ஆடிய முதல் பருவத்திலேயே ஐ-லீக்கை வென்றது. பிறகு ஃபெடரேஷன் கோப்பை, 2015-16-இல் மீண்டும் ஐ-லீக். இடையில் 2015 மே 31 அன்று கண்டீரவா மைதானத்தில் கடைசி நேரத்தில் மோகன் பகான் சமன் செய்ததால் ஒரு பட்டம் கைநழுவியது. அதற்காக யாரும் வெஸ்ட்வுட்டை அனுப்பவில்லை. மூன்று பருவம் முடிந்ததும் அவர் விடைபெற்றார்.

2016-இல் ஆல்பர்ட் ரோகா வந்தார். பார்சலோனாவில் ஃப்ராங்க் ரைகார்டுக்குத் துணையாக இருந்தவர். வந்த சில மாதங்களிலேயே அணியை ஆசியக் கிளப்புகளுக்கான ஏ.எஃப்.சி. கோப்பை இறுதிக்குக் கொண்டுபோனார். எந்த இந்திய கிளப்பும் அதுவரை எட்டாத இடம் அது. தோஹாவில் ஈராக்கின் விமானப்படை கிளப்பிடம் 0-1 எனத் தோல்வி. 2018 மார்ச் 17 அன்று இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) இறுதியில் சொந்த மைதானத்தில் சென்னையின் எஃப்.சி.யிடம் 2-3 என விழுந்ததும் அவர் காலத்தில்தான். அவர் போனபின் கிளப் வெளியே தேடவில்லை. அவருடைய துணைவர் கார்லஸ் குவாத்ராத்தையே மேலே ஏற்றியது. 2019 மார்ச் 17 அன்று, சரியாக ஓராண்டு கழித்து, மும்பையில் ராகுல் பேக்கே தலையால் முட்டி அடித்த கோலில் கோவாவை 1-0 என வென்று ஐ.எஸ்.எல். பட்டம் வந்தது. ஏழரை ஆண்டில் மூன்றே பயிற்சியாளர்கள். மூன்றாமவர் இரண்டாமவரின் ஆள். இந்தக் கிளப்பின் நல்ல காலத்துக்கு இந்தத் தொடர்ச்சியே பெருங்காரணம்.

முறிவு 2021 ஜனவரியில் வந்தது. கொரோனா காலம். எல்லா அணிகளும் கோவாவில் அடைபட்டு ஆடிக்கொண்டிருந்தன. தொடர்ந்து மூன்று ஆட்டங்களில் தோல்வி. மூன்றாவது, 5-ஆம் தேதி மும்பை சிட்டியிடம் 1-3. மறுநாளே குவாத்ராத் விலக்கப்பட்டார். துணைப் பயிற்சியாளர் நௌஷாத் மூசா இடைக்காலப் பொறுப்பேற்றார். பிறகு ஜெர்மானியர் மார்கோ பெட்ஸாயுவோலி, ஒன்றரை ஆண்டுக்குள் அவரும் போய் 2022-இல் இங்கிலாந்தின் சைமன் கிரேசன். இவர் டூரண்ட் கோப்பையை வென்றார். ஐ.எஸ்.எல். இறுதிக்கும் சூப்பர் கோப்பை இறுதிக்கும் போனார். அடுத்த பருவத்தில் ஒன்பது ஆட்டங்களில் ஒரே ஒரு வெற்றி. 2023 டிசம்பர் 8, வெள்ளிக்கிழமை, கண்டீரவாவில் அதே மும்பை சிட்டியிடம் 0-4. சனிக்கிழமை அவர் பதவியில் இல்லை. ரெனடி சிங் இடைக்காலத்துக்கு அமர்ந்தார். மாதம் முடிவதற்குள் ஹெரார்ட் சரகோசா நியமிக்கப்பட்டார். குவாத்ராத் காலத்தில் துணைப் பயிற்சியாளராக இருந்தவரே அவர். கிளப் தன் பழைய பரம்பரைக்கே திரும்பியது என்று இதைக் கொள்ளலாம். அந்தப் பருவம் பத்தாம் இடத்தில் முடிந்தது. அடுத்ததில் அணி இறுதிவரை போய் மோகன் பகானிடம் கூடுதல் நேரத்தில் 1-2 எனத் தோற்றது.

நீக்கத்தின் வேகத்துக்குப் போட்டி அட்டவணையும் ஒரு காரணம். அந்த ஆண்டுகளில் ஐ.எஸ்.எல். பருவத்தில் ஓர் அணிக்கு இருபது சொச்சம் லீக் ஆட்டங்களே இருந்தன. மூன்று தோல்வி என்பது பருவத்தில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு. அப்போது கீழ்ப்பிரிவுக்கு இறங்கும் பயம் இல்லாவிட்டாலும், கிளப்பின் விளம்பரப் பெயர் கெடும் என்ற பயம் முதலாளிக்கு இருந்தது. இருபது ஆட்டக்காரர்களை நடுவழியில் மாற்ற முடியாது, ஒருவரை மாற்றலாம். ‘அமெரிக்கன் ஃபுட்பால்’ என்ற வேறு ஆட்டத்தின் என்.எஃப்.எல். லீக்கில் இந்த நீக்கம் சடங்காகவே ஆகிவிட்டது. லீக் பருவம் முடிந்த மறுநாள் திங்கட்கிழமையை அங்கே ‘கறுப்புத் திங்கள்’ என்கிறார்கள். 32 அணிகளில் சிலவற்றின் தலைமைப் பயிற்சியாளர்கள் அன்று வேலை இழப்பது வழக்கம். விதிவிலக்கும் அங்கேயே இருக்கிறது: பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணிக்கு 1969 முதல் 2025 பருவம் வரை மூன்றே பேர்.

அந்த அணியின் உரிமையாளர் டான் ரூனியின் பெயரில் 2003-இல் ஒரு விதி வந்தது. தலைமைப் பயிற்சியாளர் பதவி காலியானால் சிறுபான்மை இனத்தவர் ஒருவரையாவது நேர்காணலுக்கு அழைக்க வேண்டும் என்பது அதன் அன்றைய வடிவம். அங்கே விடுபட்டவர்கள் சிறுபான்மையினர் என்றால், இந்தியாவில் விடுபட்டவர்கள் இந்தியர்களே. ஐ.எஸ்.எல். தலைமைப் பயிற்சியாளருக்கு ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் புரோ உரிமமோ அதற்கு இணையானதோ வேண்டும். அதைப் பெற்ற இந்தியர்கள் இருந்தும், தலைமைப் பதவி பெரும்பாலும் ஐரோப்பியருக்கே போனது. துணை இடம் இந்தியருக்கு. மூசா, ரெனடி சிங், சென்னையில் சபீர் பாஷா என இடைக்காலப் பட்டியலில் மட்டும் நம் பெயர்கள் வரிசையாக வந்தன. வெளிநாட்டவரோ ஓரிடத்தில் போனால் இன்னோரிடத்தில் அமர்ந்தார்கள். ஓவன் கோயில் சென்னையிலிருந்து ஜாம்ஷெட்பூர் போய்ப் பின் சென்னைக்கே திரும்பினார். குவாத்ராத் ஈஸ்ட் பெங்காலுக்குப் போனார்.

2021-இல் நார்த்ஈஸ்ட் யுனைடெட் காலித் ஜமீலை நிரந்தரமாக நியமித்ததுதான் முதல் மாற்றம். ஐ.எஸ்.எல். கிளப் ஒன்றுக்கு இடைக்காலமாக அல்லாமல் தலைமையேற்ற முதல் இந்தியர் அவர். 2025 ஆகஸ்டில் தேசிய அணியும் அவரிடம் வந்தது. பெங்களூரு எஃப்.சி.யில் அப்படி ஒரு நிரந்தர நியமனம் 2025 ஐ.எஸ்.எல். இறுதிப் போட்டிவரை நடக்கவில்லை. மாநில அணியில் பழைய முறையின் சாயல் மிஞ்சியிருக்கிறது. போட்டிக்குப் போட்டி ஆள் நியமிப்பார்கள், பெரும்பாலும் உள்ளூர்க்காரரையே. 2023 மார்ச் 4 அன்று ரியாத்தில் மேகாலயாவை 3-2 என வென்று, 54 ஆண்டுக்குப் பிறகு கர்நாடகம் சந்தோஷ் கோப்பையைத் தூக்கியபோது பயிற்சியாளராக இருந்தவர் ரவி பாபு ராஜு.