தாக்கமும் மறுதாக்கமும்

ஒவ்வொரு தாக்கத்திற்கும் சமனும் எதிருமான மறுதாக்கம் உண்டு என்னும் விதியை நம் மாணவர் மனனஞ் செய்வர். அதன் பொருளை அறிந்தோர் சிலரே.

இவ்விதி ஒருவர் மூளையில் திடீரென உதித்ததன்று. 1668 இல் இலண்டன் றோயல் சங்கம், மோதும் பொருள்களின் இயக்கத்தை ஆராயுமாறு வேண்டிற்று. வாலிஸ், ரென், ஹைகன்ஸ் ஆகிய மூவரும் தத்தம் முடிபுகளை அளித்தனர். 1687 இல் வெளிவந்த 'பிரின்சிப்பியா'வில் இதனை மூன்றாம் இயக்க விதியாக வகுத்த நியூற்றன், அம்மூவரின் பணியையும் பெயர் சுட்டிக் கூறினார். கல்லை அழுத்தும் விரலைக் கல்லும் அழுத்துகிறது. கல்லைக் கயிறு கட்டி இழுக்கும் குதிரையைக் கல்லும் இழுக்கிறது. இவையே அவர் காட்டிய சான்றுகள். உழைப்போர் நாளும் அறிந்தவை.

புத்தூரின் செம்மண் தோட்டங்களில் நீரிறைக்கும் இயந்திரங்கள் பரவுமுன் துலாவே பயிரைக் காத்தது. துலா மிதித்தவரின் பாதம் துலாவைக் கீழ்நோக்கி அழுத்தியது. துலாவும் அதேயளவு பாதத்தை மேல்நோக்கி அழுத்தியது. இவை சமனெனின் ஒன்றையொன்று அழித்துவிடாவோ, பட்டை எவ்வாறு மேலெழும் என மாணவர் வினவுவர். அழித்துவிடா. ஒன்று துலாவின்மீதும் மற்றையது பாதத்தின்மீதும் தொழிற்படுகின்றன. ஒரே பொருளின்மீதுள்ள விசைகளே ஒன்றையொன்று சமன்செய்யவல்லன. அசையாது தொங்கும் பட்டையின் நிறையும் கயிற்றின் இழுவையும் சமனாயினும் இத்தகைய சோடி அல்ல. இரண்டும் பட்டையின்மீதே தொழிற்படுகின்றன. பூமி பட்டையை இழுக்கும் விசைக்குச் சோடி, பட்டை பூமியை இழுக்கும் விசையே.

'மறு' என்னுஞ் சொல், ஒன்று முந்தியும் மற்றது பிந்தியும் நிகழ்வதான மயக்கத்தைத் தருகிறது. உண்மையில் இரண்டும் ஒரே கணத்தில் தோன்றி ஒரே கணத்தில் மறைவன. எதனையும் தாக்கம் எனலாம், மற்றையது மறுதாக்கமாகும்.

இம்மயக்கம் வகுப்பறையோடு நின்றுவிடுவதில்லை. 1983 யூலையில் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் 13 படையினர் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து, கொழும்பிலும் பிற இடங்களிலும் தமிழ் மக்கள் கொல்லப்பட்டனர். வீடுகளும் கடைகளும் எரியூட்டப்பட்டன. அதனை இயல்பான மறுதாக்கமென நியாயப்படுத்தியோர் உளர். பழிக்குப் பழி கோருவோர் எத்தரப்பினராயினும் இவ்விதியையே சாட்சிக்கு அழைப்பர். ஆயின், விசைச் சோடி இரு பொருள்களுக்கிடையே மட்டும் உள்ளது. மூன்றாம் பொருளை அது தீண்டுவதில்லை. படையினர் கொலைக்கு எவ்வகையிலும் தொடர்பற்ற கொழும்புக் கடைக்காரர் எந்தச் சோடியைச் சேர்ந்தவர்? கொலை மனிதர் தெரிந்து செய்வது. அதன் பொறுப்பு செய்தவரையும் செய்வித்தவரையுமே சாரும்.

விதியைச் செவ்வனே கற்ற மாணவர், மறுதாக்கம் என்னுஞ் சொல்லைக் கேட்டதும் "அவ்விரு பொருள்கள் எவை?" என முதலில் வினவுவர். அவ்வினாவைப் பழக்குவது ஆசிரியராகிய நம் கடன்.