நோயாளியின் மனநிலை மதிப்பீடு: செவிலியர் கேட்கும் கேள்விகளும் உடனிருப்போர் அறிய வேண்டியவையும்

மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட முதியவர் ஒருவரிடம் செவிலியர் வந்து, "ஐயா, உங்கள் பெயர் என்ன? இப்போது எங்கே இருக்கிறீர்கள்? இன்று என்ன கிழமை?" என்று கேட்பதைப் பார்த்திருப்பீர்கள். காலையில் கேட்ட அதே கேள்விகளை இரவுப் பணிக்கு வரும் செவிலியரும் கேட்பார். இடுப்பு எலும்பு முறிவுக்காகச் சேர்க்கப்பட்டவரிடம் கிழமையை ஏன் கேட்க வேண்டும் என்ற ஐயம் உங்களுக்கு எழுவது இயல்பே. தம் பெற்றோரை அவமதிப்பதாக எண்ணி வருந்துவோரும் உண்டு.

இக்கேள்விகள் மனநிலை மதிப்பீட்டின் ஒரு பகுதியாகும். இங்கு 'மனநிலை' என்னும் சொல் மகிழ்ச்சியையும் துயரத்தையும் மட்டும் குறிப்பதன்று. விழிப்பு, கவனம், நினைவாற்றல், சிந்தனை, பேச்சு, நடத்தை ஆகிய அனைத்தும் அதில் அடங்கும். நாடித்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் போலவே மூளையின் செயல்பாடும் நோயின் போக்கைக் காட்டுகிறது. முதியோரிடம் சில வேளைகளில் காய்ச்சல் வருவதற்கு முன்பே பேச்சில் குழப்பம் தோன்றிவிடும்.

செவிலியர் எவற்றைக் கவனிக்கிறார்?

கேள்வி கேட்பதற்கு முன்பே மதிப்பீடு தொடங்கிவிடுகிறது. அழைத்தவுடன் நோயாளி கண் திறக்கிறாரா, முகம் பார்த்துப் பேசுகிறாரா, ஆடையைச் சரிசெய்துகொள்கிறாரா, காற்றில் எதையோ பிடிப்பதுபோல் கைகளை அசைக்கிறாரா என்பனவெல்லாம் கவனிக்கப்படும்.

விழிப்புநிலையை எண்ணால் குறிக்கப் பெரிதும் பயன்படுவது, 1974-ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட கிளாஸ்கோ அளவீடு. கண் திறத்தலுக்கு 4, பேச்சுக்கு 5, கை கால் அசைவுக்கு 6 என மொத்தம் 15 மதிப்பெண்கள். குறைந்த அளவு 3. வார்டில் படுத்திருப்பவர் "நான் வீட்டில்தானே இருக்கிறேன்" என்று தெளிவான சொற்களில் கூறினாலும் பேச்சுக்கு 4 மட்டுமே கிடைக்கும். நேற்று 15 என்றிருந்தது இன்று 14 ஆனால், ஒரு மதிப்பெண்தானே என்று மருத்துவக் குழு விட்டுவிடுவதில்லை. குறிப்பாகத் தலையில் அடிபட்டவரிடம் அதற்கான காரணம் தேடப்படும்.

அடுத்து கவனம் சோதிக்கப்படும். கிழமைகளைப் பின்னோக்கிச் சொல்லுதல், 20-இலிருந்து மும்மூன்றாகக் கழித்தல் போன்றவை இதற்கானவை. மூன்று பொருள்களின் பெயரைக் கூறி, சில நிமிடங்களுக்குப் பின் அவற்றைத் திரும்பக் கேட்பது நினைவாற்றலுக்கான சோதனை.

பள்ளிக்குச் செல்லாத முதியவருக்குக் கணக்கும் ஆங்கிலத் தேதியும் தெரியாமல் இருக்கலாம். அது நோயின் அறிகுறி ஆகாது. எழுதப் படிக்கத் தெரியாதோரையும் சரியாக மதிப்பிட வேண்டும் என்பதற்காகவே, அரியானா மாநிலத்தின் பல்லப்கர் பகுதிக் கிராம முதியோருக்கென இந்தியில் தனி வினாத்தொகுப்பு உருவாக்கப்பட்டு 1995-இல் வெளியானது. நம் வார்டுகளிலும் அனுபவமுள்ள செவிலியர் தேதிக்கு மாறாக, "இது என்ன மாதம் பாட்டி, ஆடியா ஆவணியா? அமாவாசை வந்துவிட்டதா?" என்று கேட்பதுண்டு. அது முறையான மதிப்பீடே. உங்கள் பாட்டிக்குப் பழக்கமான கணக்கு எது என்பதை நீங்களே செவிலியரிடம் தெரிவிக்கலாம்.

திடீர் மனக்குழப்பம்

இந்த மதிப்பீட்டின் வழியாகக் கண்டறியப்படுவனவற்றுள் மிக முக்கியமானது 'டெலிரியம்' எனப்படும் திடீர் மனக்குழப்பம். 'ஜன்னி கண்டுவிட்டது' என்று நம் முன்னோர் கூறியது பெரும்பாலும் இதனையே. மறதி நோய் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் மெல்ல வளர்வது. இதுவோ சில மணி நேரத்திலோ ஓரிரு நாள்களிலோ தோன்றும்; காலையில் தெளிவும் மாலையில் குழப்பமுமாக ஏறி இறங்கும்.

சிறுநீர்த் தொற்று, நுரையீரல் தொற்று, இரத்தத்தில் சர்க்கரையோ சோடியமோ குறைதல், நீரிழப்பு, கடும் வலி, மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு, தூக்க மாத்திரைகள், சளிக்கு உட்கொள்ளும் சில மாத்திரைகள் ஆகியன இதற்குக் காரணமாகலாம். நாள்தோறும் மது அருந்தியவர் மருத்துவமனையில் சேர்ந்ததால் அதனைத் திடீரென நிறுத்தும்போது, இரண்டு மூன்று நாள்களில் கடுமையான குழப்பமும் நடுக்கமும் ஏற்படலாம். இது உயிருக்கு ஆபத்தானது. எனவே மதுப்பழக்கத்தைச் சேர்க்கையின்போதே மறைக்காமல் கூறுங்கள்.

கூச்சலிட்டு, ஊசிக் குழாயைப் பிடுங்கும் நோயாளியை எவரும் கவனிப்பர். ஆனால் இக்குழப்பம் அமைதியான வடிவிலும் வரும். அத்தகையவர் பேசாமல், உண்ணாமல், பகலெல்லாம் உறங்கிக்கொண்டே இருப்பார். "நேற்றுவரை தூக்கமே இல்லை, இன்று நன்றாகத் தூங்குகிறார்" என்று குடும்பத்தினர் நிம்மதியடைவர். உள்ளே தொற்று முற்றிக்கொண்டிருக்கலாம். எழுப்பினால் முழுமையாக விழிக்கிறாரா, பேச்சைத் தொடர்ந்து கேட்கிறாரா என்று பாருங்கள். இல்லையெனில் விடியும்வரை காத்திராமல் அப்போதே செவிலியரை அழையுங்கள்.

உங்கள் சொல் ஏன் தேவைப்படுகிறது?

திடீர் மனக்குழப்பத்தை அறிய உலகெங்கும் பயன்படும் முறையொன்று 1990-இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்டது. அதன் முதற்கேள்வி, நோயாளியின் வழக்கமான நிலையிலிருந்து திடீர் மாற்றம் ஏற்பட்டுள்ளதா என்பதே. அவரை இன்றுதான் முதன்முறையாகப் பார்க்கும் செவிலியரால் இதற்கு விடை கூற இயலாது. உடன் வாழ்பவரே கூற முடியும். "வயதானால் இப்படித்தான்" என்று நீங்கள் கூறிவிட்டால், அவ்விடத்திலேயே தேடல் நின்றுவிடும் வாய்ப்புண்டு. "போன வாரம்வரை தானே கடைக்குச் சென்று சில்லறை எண்ணி வாங்கி வந்தார், முந்தாநாள் இரவிலிருந்துதான் மாறியிருக்கிறார்" என்பது சிகிச்சையின் திசையையே மாற்றக்கூடிய செய்தி.

அவர் உட்கொள்ளும் எல்லா மருந்துகளையும், கடையில் தாமாக வாங்கியவை, நாட்டு மருந்துகள் உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். கண்ணாடியும் காது கேட்கும் கருவியும் வீட்டிலேயே இருந்தால் தெளிவானவரும் குழம்பியவராகத் தோன்றுவார், அவற்றையும் கொண்டுவருக.

மதிப்பீட்டின்போது நோயாளிக்காக நீங்கள் விடை கூற வேண்டாம். வாயசைத்துக் காட்டவும் வேண்டாம். அன்பினால் செய்யும் இவ்வுதவி, நோயை மறைத்துவிடுகிறது. தவறான விடைக்காகக் கடிந்துகொள்வதும் கூடாது.

தனியாகப் பேச வேண்டிய கேள்விகள்

மனச்சோர்வு இருப்பதாகத் தோன்றினால், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உண்டா என்று செவிலியர் நேரடியாகவே கேட்பார். இப்படிக் கேட்பதனால் அவ்வெண்ணம் தூண்டப்படுவதில்லை. பலருக்கு அது மனச்சுமையை இறக்கிவைக்க வாய்ப்பாகிறது. இதற்காகச் சிறிது நேரம் உங்களை வெளியே இருக்கச் சொன்னால் தவறாக எண்ண வேண்டாம். மனநலச் சிகிச்சை குறித்த செய்திகள் இரகசியமாகக் காக்கப்படுவது, 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் வழங்கும் உரிமை.

குழப்பம் உறுதியானால்

சிகிச்சை என்பது முதன்மையாகக் காரணத்தைக் களைவதே. அதனுடன் நீங்கள் செய்யக்கூடியவை மிகுதி. பழகிய ஒருவர் அருகில் இருங்கள். பகலில் வெளிச்சமும் இரவில் அமைதியும் இருக்கட்டும். மருத்துவர் தடைசெய்யாவிடில் சிறிது சிறிதாக நீர் கொடுங்கள். "அம்மா, இது மருத்துவமனை, நான் உங்கள் மகள், காய்ச்சலுக்காக வந்திருக்கிறோம்" என்று சுருக்கமாக அவ்வப்போது நினைவூட்டுங்கள். இல்லாத ஒன்றைக் காண்பதாகக் கூறினால் வாதிடாமல், அச்சத்தைத் தணித்துப் பேச்சை மாற்றுங்கள். கைகளைத் துணியால் கட்டிவைப்பது கிளர்ச்சியைப் பெருக்கி காயமும் விளைவிக்கும். நீங்களாக அதனைச் செய்யாதீர்கள்.

வீட்டில் இத்தகைய திடீர் மாற்றத்தைக் கண்டால் 108-ஐ அழையுங்கள். முகம் ஒருபுறம் கோணுதல், கை தளர்தல், பேச்சுக் குழறுதல், வலிப்பு, தலையில் அடி ஆகியவற்றுள் ஏதேனும் சேர்ந்திருந்தால் சிறிதும் தாமதம் கூடாது. நீரிழிவு உள்ளவருக்கு உடனே சர்க்கரையை அளந்து பாருங்கள். அது 70-க்குக் கீழ் இருந்து, விழுங்கும் நிலையில் அவர் இருந்தால் சர்க்கரை நீர் கொடுக்கலாம். நினைவற்றவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. மருத்துவ ஆலோசனைக்கு 104, மனநல ஆலோசனைக்கு 14416 ஆகிய எண்களை அழைக்கலாம்.

காரணம் நீங்கிய பின்னும் முழுத் தெளிவு திரும்பச் சில நாள்கள், சிலருக்குச் சில வாரங்கள் ஆகும். வீடு திரும்பும்போது இக்குழப்பம் ஏற்பட்ட செய்தி விடுப்புச் சுருக்கத்தில் குறிக்கப்பட்டுள்ளதா எனக் கேட்டுப் பெறுங்கள். அடுத்த முறை அறுவைச் சிகிச்சையோ மயக்க மருந்தோ தேவைப்படும்போது அதனை மருத்துவரிடம் காட்ட வேண்டியிருக்கும்.