தட்டக்குவிவு வில்லையின் குவியத் தூரம்

தட்டக்குவிவு வில்லை என்பது ஒரு பக்கம் சமதளமாகவும் மறுபக்கம் வெளிநோக்கி வளைந்த கோளப் பரப்பாகவும் அமைந்த ஒளியியல் வில்லை ஆகும். வளைபரப்பு உள்நோக்கி அமைந்தால் அது தட்டக்குழிவு வில்லை எனப்படும். ஒரே ஒரு வளைபரப்பு மட்டும் இருப்பதால் இவற்றின் குவியத் தூரத்தை எளிதில் கணிக்கலாம்.

== வாய்பாடு ==

காற்றில் உள்ள வில்லைக்கு:

குவியத் தூரம் = வளைவு ஆரம் ÷ (ஒளிவிலகல் எண் − 1)

சமதளத்தின் வளைவு ஆரம் முடிவிலி ஆகும். எனவே வில்லை உருவாக்குவோர் வாய்பாட்டில் அப்பரப்பைக் குறிக்கும் உறுப்பும், வில்லையின் தடிப்பைக் குறிக்கும் உறுப்பும் சுழியாகிவிடுகின்றன. இதனால், அச்சை ஒட்டிச் செல்லும் கதிர்களுக்கு, தடித்த வில்லைக்கும் இவ்வாய்பாடு சரியாகப் பொருந்தும். தட்டக்குழிவு வில்லையில் குவியத் தூரம் எதிர்க்குறி பெறும்.

== வளைவு ஆரத்தை அளத்தல் ==

நடுத் தடிப்புக்கும் விளிம்புத் தடிப்புக்கும் உள்ள வேறுபாடு வளைபரப்பின் உயரம் ஆகும். வில்லையின் அரைவிட்டத்தின் வர்க்கத்துடன் இவ்வுயரத்தின் வர்க்கத்தைக் கூட்டி, உயரத்தின் இருமடங்கால் வகுத்தால் வளைவு ஆரம் கிடைக்கும்.

== எடுத்துக்காட்டு ==

ஒரு கிரௌன் கண்ணாடி வில்லையின் விட்டம் 40 மிமீ, நடுத் தடிப்பு 6 மிமீ, விளிம்புத் தடிப்பு 2 மிமீ, ஒளிவிலகல் எண் 1.52 எனக் கொள்வோம். வளைபரப்பின் உயரம் 4 மிமீ.

வளைவு ஆரம் = (400 + 16) ÷ 8 = 52 மிமீ

குவியத் தூரம் = 52 ÷ 0.52 = 100 மிமீ

== வில்லை வைக்கும் திசை ==

குவியத் தூரம் எத்திசையிலும் ஒன்றே. ஆனால் அதை அளக்கத் தொடங்கும் இடம் மாறுகிறது. இணைகதிர்கள் சமதளத்தின் வழியே நுழைந்தால் அங்கு அவை விலகுவதில்லை. முழு விலகலும் வளைபரப்பில் நிகழ்கிறது. ஆகவே குவியம் வளைபரப்பின் உச்சியிலிருந்து 100 மிமீ தொலைவில் அமையும். வளைபரப்பின் வழியே நுழைந்தால், சமதளத்திலிருந்து குவியம் உள்ள தொலைவு, குவியத் தூரத்தில் 'நடுத் தடிப்பு ÷ ஒளிவிலகல் எண்' என்னும் அளவு குறைந்திருக்கும். மேற்கண்ட வில்லையில் இது 96.05 மிமீ ஆகும். இவ்வேறுபாட்டைக் கருதாது கருவி அமைத்தால் திரை ஏறத்தாழ 4 மிமீ தள்ளி அமைந்து, பிம்பம் தெளிவற்றுப் போகும்.

ஒளிவிலகல் எண் 1.5 உள்ள வில்லையில், சமதளம் இணைகதிர்களை நோக்கியிருக்கும்போது ஏற்படும் கோளப் பிறழ்ச்சி, வளைபரப்பு நோக்கியிருக்கும்போது ஏற்படுவதைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்காகும். பின்னதில் விலகல் இரு பரப்புகளுக்கும் பகிரப்படுவதே இதற்குக் காரணம். எனவே தொலைவிலுள்ள பொருளை நோக்கி வளைபரப்பை வைப்பதே வழக்கம்.

== நீரில் ==

நீரில் மூழ்கிய வில்லைக்கு, கண்ணாடியின் ஒளிவிலகல் எண்ணை நீரின் ஒளிவிலகல் எண்ணால் (1.33) வகுத்துவரும் மதிப்பை வாய்பாட்டில் இட வேண்டும். 1.5 ஒளிவிலகல் எண் கொண்ட வில்லையின் குவியத் தூரம் நீரில் ஏறத்தாழ நான்கு மடங்காகும்.